வெள்ளவத்தையில் மாமா வீடு இருந்தால் இன்டர்ன் ஆகலாம்

கம்பஸ் முடியிற காலத்தில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே கிழமையில் மெயில் வந்தது. கொழும்பில் இருக்கிற ஒரு சர்வதேச நிறுவனம். 'அபிவிருத்திக்கான தொழில்நுட்பம்' என்பது அவர்களுடைய துறை. ஆறு மாத இன்டர்ன்ஷிப். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ஒரு கந்தோரைப் பற்றிய முறைப்பாடாகச் சுருங்கிப் போய்விடும். கதைக்க வேண்டிய விஷயம் அதைவிடப் பெரிசு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கூட்டத்தை எப்படிக் குறித்த நேரத்துக்குள் முடிப்பது, திட்ட முன்மொழிவு எழுதுவது எப்படி, எக்செல் தாளில் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் அங்கேதான் பழகினோம். கழுத்தில் அட்டை தொங்கிய படத்தை அம்மாமார் ஊர் முழுக்க அனுப்பிச்சினம். அதில் எங்களுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

சம்பளம் இல்லை. பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் மட்டும் ஒரு சிறு படி தந்தார்கள். எங்களில் ஒருவருக்கு வெள்ளவத்தையில் மாமா வீடு இருந்தது. மற்ற இருவரும் போர்டிங். மூன்றாம் மாதம் முடியிறதுக்குள் அந்த இருவரில் ஒருத்தி, 'இனி வீட்டில காசு கேக்க ஏலாது' என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். எங்கள் மூவரில் வயலும் தோட்டமும் செய்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள் மட்டும்தான். நாங்கள் செய்துகொண்டிருந்ததோ விவசாயிகளுக்கான ஒரு செயலி.

அந்தச் செயலி மரக்கறியின் சந்தை விலையை போனில் காட்டும். தமிழ்ப் பக்கம் எங்கள் கைக்கு வரும்போது யாரோ எங்கேயோ மொழிபெயர்த்து முடித்திருந்தார்கள். பயற்றங்காய்க்கு 'காராமணி' என்று இருந்தது. பப்பாசி, 'பப்பாளி' ஆகியிருந்தது. பப்பாளி என்றால் யாருக்கும் விளங்கும், ஆனால் காராமணியைப் பார்த்துவிட்டுக் கிளிநொச்சித் தோட்டக்காரர் ஒருவர் 'இதென்ன தம்பி, புது இனமோ?' என்றுதான் கேட்பார். இவற்றைத் திருத்தினது ஊருக்குப் போன அந்தப் பிள்ளை. அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை. அவள் போன பிறகு நாங்கள் அவளுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டுக் கேட்டுத்தான் மிச்சத்தைச் செய்தோம். அதுக்கும் அவளுக்கு ஒரு சதமும் இல்லை. நாங்களும் நன்றி என்று ஒரு ஸ்மைலிதான் அனுப்பினோம்.

பிறகு பாமினி. அரச கந்தோர்களிலிருந்து வந்த தமிழ் ஆவணங்களில் பாதி பாமினி எழுத்துருவில் இருந்தன. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். 1991இல் யூனிகோட் வந்தபோதே அதில் தமிழ் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எங்கட கந்தோர்களில் பாமினி போகவில்லை. 'பிளொக்செயின்' பற்றிப் பயிற்சிப்பட்டறை நடத்தின அதே கட்டிடத்தில், பாமினியை யூனிகோடாக மாற்றி, உடைஞ்ச எழுத்துகளைக் கையால் பொறுக்கிக்கொண்டு இரண்டு கிழமை இருந்தோம். எங்களைக் கேட்டால், வடக்கு கிழக்கில் இப்ப உடனே தேவையான அபிவிருத்தித் தொழில்நுட்பம் இந்த வேலைதான். ஆனால் அதுக்குத் திறப்புவிழா வைக்க ஏலாது.

களப்பயணம் ஒன்றுக்குக் கிளிநொச்சிப் பக்கம் போனோம். பொதுநோக்கு மண்டபத்தில் முப்பது பேரளவில் இருந்தார்கள், கூடுதலாகப் பெண்கள். செயலியைத் திரையில் காட்டி முடிய, முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்: 'பிள்ளையள், தம்புள்ளையில என்ன விலை என்டு இது சொல்லுது, சரி. விதைக்கும் பசளைக்கும் காசு தந்த முதலாளிக்குத்தானே நான் மிளகாயைக் குடுக்கவேணும். இந்தப் போனை அவருக்குக் காட்டினா விலையைக் கூட்டித் தருவாரோ?'

அதை ஆங்கிலத்தில் சொன்னோம். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். திரும்பி வந்து அறிக்கை எழுதும்போது அது, 'பங்குபற்றியோர் விலைத் தகவல் தொடர்பில் ஆர்வம் காட்டினர்' என்று மாறியிருந்தது. மாற்றினது அதிகாரி இல்லை, நாங்கள்தான். திட்டத்தின் குறிகாட்டிகளில் கடன் என்று ஒரு வரி இல்லை, அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை, சேர்டிபிகேட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அந்த வசனத்துக்காக இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மா கேட்டது உலகத்துக்குப் புதிய கேள்வியும் இல்லை. பிள்ளைக்கு ஒரு லப்டொப் கொடுத்தால் கல்வி மாறிவிடும் என்று நிக்கலஸ் நெக்ரொபொன்டே 2005இல் தொடங்கின திட்டத்தில், பெரு நாடு மட்டும் 8 இலட்சத்துக்கு மேல் வாங்கிப் பகிர்ந்தது. 2012இல் வெளிவந்த இன்டர் அமெரிக்கன் அபிவிருத்தி வங்கியின் ஆய்வில், கணிதத்திலும் மொழியிலும் புள்ளிகள் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பெங்களூரில் மைக்ரோசொஃப்ட் ஆய்வுகூடத்தில் இதே துறையில் வேலை செய்த கென்டாரோ டொயாமா, தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிற மனித ஆற்றலைத்தான் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது என்று 2015இல் ஒரு புத்தகமே எழுதினார். முதலாளியிடம் கடன்பட்டிருக்கிறவருக்கு விலை தெரிந்தும் பேரம் பேச ஏலாது என்பதும் இதுக்குள் அடக்கம்.

எங்கட நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கு. 1990களின் கடைசியில் கொத்மலை சமூக வானொலியில் யுனெஸ்கோ ஆதரவோடு ஒரு முயற்சி நடந்தது. ஊர்ச்சனம் கேள்வி அனுப்பும், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, தங்கட பாஷையில் விளக்கிச் சொல்லுவார். அங்கே கம்பியூட்டரைவிட நடுவில் இருந்த அந்த ஆள் முக்கியம். கிளிநொச்சி மண்டபத்தில் அந்த இடத்தில் நின்றது இன்டர்ன்கள். அப்படியென்றால் காசில்லாமல் வைத்திருக்கிற ஆட்களில்தான் முழுத் திட்டமும் தொங்கிக்கொண்டு நிற்குது.

'அனுபவம்தானே சம்பளம்' என்று சொல்லுகிறவர்கள் இருக்கினம். 2015 ஓகஸ்ட்டில் ஜெனீவாவில், ஐ.நா.வில் சம்பளமில்லாத இன்டர்னாக இருந்த 22 வயது நியூசிலாந்துப் பெடியன் ஒருவர் கூடாரத்தில் தங்கியிருந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. அதற்குப் பிறகும் ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் சர்வதேச தொழிலாளர் அமைப்பு படி கொடுக்கிறது. உலக சுகாதார அமைப்பும் 2020இல் இருந்து கொடுக்கத் தொடங்கியது. ஆகவே ஏலாது என்ற கதை எடுபடாது. நாங்கள் இருந்த இடத்திலும், ஒரு நாள் பட்டறைக்கு ஹோட்டல் மண்டபம் எடுக்க எப்பவும் காசு இருந்தது.

காசு கொடுக்கவேண்டும் என்று நாங்கள் கேட்பது இன்டர்ன்களுக்காக மட்டும் இல்லை. காசில்லாத இன்டர்ன்ஷிப்பைக் கடைசிவரை செய்து முடிக்கிறது கொழும்பில் வீடுள்ள பிள்ளைகள். பயற்றங்காய் தெரிந்தவர்கள், கடன் என்றால் என்னவென்று வீட்டிலேயே பார்த்தவர்கள், மூன்றாம் மாதம் பஸ் ஏறிவிடுகிறார்கள். மிஞ்சுகிறவர்கள் எழுதுகிற அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த செயலிக்குக் காசு வருகிறது.

போன மாதம் அதே இடத்தில் திரும்பவும் ஆள் எடுக்க விளம்பரம் போட்டிருந்தார்கள். 'தமிழ் தெரிந்திருப்பது விரும்பத்தக்கது' என்று ஒரு வரி. படியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஜூனியர் தங்கச்சி ஒருத்தி, விண்ணப்பிக்கலாமா என்று எங்களிடம் கேட்டாள். சி.வி.யைத் திருத்திக் கொடுத்தோம். கொழும்பில் சொந்தக்காரர் ஆராவது இருக்கினமா என்று கேட்டோம். இல்லையாம்.