தறிக்குப் போனவர்களை யார் கணக்கெடுப்பது?

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவில் 28.4, பட்டியல் சாதியினருக்கு 25.9. நம் மாநிலத்துக்குப் பெருமைதான். ஆனால் அது கல்லூரிக்குள் நுழைந்தவர்களின் கணக்கு. ஜலகண்டாபுரத்தில் பிளஸ் டூ முடித்து விசைத்தறிக்குப் போன நம் பிள்ளைகளின் கதை அதில் இல்லை.

"படிப்பு ஏறல, தறிக்குப் போயிட்டான்" என்று ஊர் ஒரே வரியில் முடித்துவிடும். நாம் அப்படி முடிக்கக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ முடித்தவர்களைத் தேடி வீடு வீடாகப் போவோம். கல்லூரிக்கு விண்ணப்பித்தார்களா? சாதிச் சான்றிதழுக்கு எத்தனை நாள் அலைந்தார்கள்? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எந்த மாதம் கைக்கு வந்தது? தறியில் முன்பணம் வாங்கியது எந்தச் செலவுக்கு? கேட்டு எழுதுவோம்.

எழுதியதை முதலில் அந்தத் தெருவிலேயே வாசித்துக் காட்டுவோம். அவர்கள் சம்மதித்த பிறகு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாக வைப்போம். வெறும் புலம்பலைத் தள்ளிவிடலாம். தேதியோடு நிற்கும் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.