விமானத்துக்கு ஒரு மூக்கறுப்பு!

புதுச் சட்டை ஒன்று வாங்கி வருகிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து, காலரை வெட்டி, கையைக் குட்டையாக்கி, பாக்கெட்டைப் பிய்த்துத் தனியே வைக்கிறீர்கள். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

'பாவம், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு!'

ஸ்கேல் மாடல் பித்துப் பிடித்தவர்களில் ஒரு கோஷ்டி இதைத்தான் செய்கிறது. சட்டைக்குப் பதிலாக ஜெட் விமானம், அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் இதுதான். பிளாஸ்டிக் விமான கிட் பார்த்திருப்பீர்கள். ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே சட்டத்தில் ஒட்டிக்கொண்டு உதிரி பாகங்கள். ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து, பிசின் தடவி ஒட்டி, பெயின்ட் அடித்தால் அசல் விமானத்தின் குட்டி அவதாரம். சாதாரண மனிதர்களுக்கு இதுவே போதும். இந்தக் கோஷ்டிக்குப் போதாது. லட்சக்கணக்கான பேர் செய்கிற விமானத்தை நாமும் செய்தால் என்ன பெருமை? அந்த விமானத்துக்கும் முன்னால், சோதனைக்காக ஒன்றோ இரண்டோ மட்டும் செய்து பார்த்தார்களே, அந்த முதல் விமானம், ப்ரோட்டோடைப்... அதுதான் வேண்டும்!

கடையில் அதற்குக் கிட் கிடைப்பது அபூர்வம். எது விற்குமோ அதைத்தானே கம்பெனிக்காரன் போடுவான்? ஆகவே, விற்கிற கிட்டை வாங்கி, அறுத்து, ராவி, பழைய ரூபத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குப் பெயர் 'கன்வர்ஷன்'. (மதத்துக்கு சம்பந்தமில்லை. ஆனால் பக்தி அதே அளவு.)

எனக்குத் தெரிந்த ஒருவர் எஃப்-16 கிட் ஒன்றை வைத்துக்கொண்டு இப்படி ரம்பமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார்.

"ஏங்க, புதுசா வாங்கினதைப் போயி யாராவது அறுப்பாங்களா?"

"அறுக்கலைம்மா. இதை சின்ன வயசுக்குக் கொண்டு போறேன்."

அந்த அம்மாள் கணவரின் தொப்பையை ஒரு பார்வை பார்த்தார். "ரம்பம் மிச்சம் இருந்தா, அப்படியே உங்களையும் கொஞ்சம் கொண்டு போயிருங்க!"

சிரித்துவிட்டாலும், அந்த அம்மாள் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

எஃப்-16 பிறந்த கதையைப் பாருங்கள். 1960-களின் கடைசியில் அமெரிக்க விமானப் படையில் ஜான் பாய்ட் என்கிற அதிகாரியும், பியர் ஸ்ப்ரே என்கிற கணக்குப் புலியும், இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டு ஒரு கலகம் செய்தார்கள். 'போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் குண்டாகிக்கொண்டே போகின்றன. விலையும் ஏறுகிறது. சின்னதாக, லேசாக, சட்டென்று திரும்புகிற மாதிரி ஒன்று செய்யுங்களய்யா' என்று நச்சரித்தார்கள். இவர்களுக்கு 'ஃபைட்டர் மாஃபியா' என்றே பெயர் வந்துவிட்டது.

நச்சரிப்பு பலித்தது. 1972 ஜனவரியில் 20,000 பவுண்டு எடை வகுப்பில் ஒரு லேசான விமானத்துக்கு டெண்டர் விட்டார்கள். இரண்டு கம்பெனிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. ஜெனரல் டைனமிக்ஸ், 3 கோடியே 79 லட்சம் டாலருக்கு ஒய்.எஃப்-16 செய்தது. நார்த்ராப், 3 கோடியே 98 லட்சம் டாலருக்கு ஒய்.எஃப்-17 செய்தது. ஆளுக்கு இரண்டே இரண்டு விமானம். முன்னால் நிற்கும் 'ஒய்' எழுத்துக்கு 'இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை, ப்ரொபேஷன்' என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம்.

1975 ஜனவரி 13-ல் ஒய்.எஃப்-16 ஜெயித்ததாக அறிவித்தார்கள். வேலை பர்மனென்ட்! அப்புறம் என்ன ஆகும்? நமக்கு ஆவதேதான் அதற்கும் ஆயிற்று.

உடம்பு 10.6 அங்குலம் நீண்டது. ரேடார் வைக்க மூக்கு பெருத்தது. இறக்கையின் பரப்பு 280 சதுர அடியிலிருந்து 300 ஆயிற்று. குண்டுகளும் ஏவுகணைகளும் மாட்ட இரண்டு இடங்கள் கூடின. வயிற்றுக்கடியில் இருந்த துடுப்புகள் பெரிதாயின. நட்டுக்குத்தாக நிற்கும் வால் மட்டும் கொஞ்சம் குட்டையாயிற்று. மூக்குச் சக்கரத்துக்கு இரண்டு கதவுகள் இருந்தன. அவை ஒற்றைக் கதவாயின.

இப்போது நம் ரம்பக்காரரின் கஷ்டத்தைப் பார்க்கலாம். கிட் 72-ல் ஒரு பங்கு அளவு. கிட்டத்தட்ட 15 மீட்டர் விமானம் அவர் மேஜையில் 21 சென்டிமீட்டர். உடம்பில் கூடிய 10.6 அங்குலத்தை 72-ஆல் வகுத்தால் 3.7 மில்லிமீட்டர். ஓர் அரிசி மணி நீளம்கூட இல்லை! அதை வெட்டியெடுக்க வேண்டும். ரம்பத்தின் பல்லே கொஞ்சம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இறக்கையில் கூடிய 20 சதுர அடி, இந்த அளவில் சுமார் மூன்றரை சதுர சென்டிமீட்டர். அதை இரண்டு இறக்கைக்கும் சரிபாதியாகப் பிரித்து வெட்ட வேண்டும். பி.காம். படித்தவர்களுக்குப் புரியும். இடது பக்கமும் வலது பக்கமும் டேலி ஆகாவிட்டால் பேலன்ஸ் ஷீட் பறக்காது.

மூக்கை உப்புத்தாளால் தேய்த்து ஒல்லியாக்க வேண்டும். வாலின் உச்சியில் பிளாஸ்டிக் துண்டு ஒட்டி உயர்த்த வேண்டும். ஒற்றைக் கதவை வீசிவிட்டு இரண்டாகச் செய்ய வேண்டும். வாங்கிய கிட் 'பிளாக் 15' என்ற பிரிவோ அதற்குப் பிந்தியதோ என்றால் இன்னொரு தொல்லை. அதிலிருந்து வால் பக்கத்துக் குட்டி இறக்கைகள் சுமார் 30 சதவிகிதம் பெரிதாகிவிட்டன. அதையும் நறுக்கு! சந்து பொந்தையெல்லாம் புட்டியால் அடைத்து, கடைசியில் முதல் விமானத்துக்கு அடித்திருந்த மாதிரி சிவப்பு, வெள்ளை, நீலம் பெயின்ட். பல மாசத்து ஞாயிற்றுக்கிழமைகள் காலி.

எதற்கய்யா இத்தனை பாடு என்று கேட்டால், அந்த முதல் விமானத்தின் ஜாதகம் அப்படி.

1974 ஜனவரி 20. கலிஃபோர்னியாவில் எட்வர்ட்ஸ் விமானப் படைத் தளம். அன்றைக்குப் பறப்பதாகத் திட்டமே இல்லை. ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஓட்டியவர் ஃபில் ஓஸ்ட்ரைக்கர்.

இந்த விமானத்தில் ஒரு விசேஷம். வழக்கமாகப் பைலட்டின் காலுக்கிடையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பி இதில் வலது கைப் பக்கம் இருந்தது. அதுவும் அசையாது! பிடித்து அழுத்தினால் போதும். எவ்வளவு அழுத்தம் என்பதை அளந்து, மின் கம்பி வழியாகக் கட்டளை போகும். காரணம், விமானத்தையே வேண்டுமென்று கொஞ்சம் நிலையில்லாமல் செய்திருந்தார்கள். உள்ளங்கையில் துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறீர்களா? கை ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். அந்தக் கை வேலையை மின்னணுக் கருவிகள் செய்யும். பலன், நினைத்த கணத்தில் திரும்பும்.

அன்று ஓடுபாதையில், விமானம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. பைலட் சரிசெய்யப் பார்க்க, ஆட்டம் அதிகமாயிற்று. இடது இறக்கை நுனி ஏவுகணையின் துடுப்பு தரையில் உரசியது. அடுத்து வலது பக்க வால் இறக்கை உரசியது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகப் பார்த்தது. ஒரே ஒரு கணம். நிறுத்தினால் நொறுங்கும். ஓஸ்ட்ரைக்கர் எடுத்த முடிவு: பற!

பறந்தார். ஆறு நிமிஷம் சுற்றி, பத்திரமாக இறக்கினார். அடிபட்டதைச் சரிசெய்து, 'அதிகாரபூர்வமான முதல் பறப்பு' என்று பிப்ரவரி 2-ல் நல்ல பிள்ளையாக மறுபடி பறந்தார்கள். பிற்பாடு வந்த விமானங்களில் அந்தக் கம்பி துளியூண்டு அசைகிற மாதிரி வைத்துவிட்டார்கள். மனுஷன் கைக்கு ஏதாவது ஒன்று அசைந்தால்தான் நம்பிக்கை வருகிறது!

சரி, அப்புறம் சேர்ந்த சதையெல்லாம் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. பாய்ட் கோஷ்டிக்குக் கோபம்தான். 'லேசா ஒண்ணு கேட்டா, ரேடாரையும் குண்டையும் ஏத்திட்டானுங்களே' என்று. ஆனால் ரேடாரும் குண்டும் இல்லாமல் அதை யார் வாங்கியிருப்பார்கள்? 1975 ஜூனில் பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, நார்வே நான்கும் சேர்ந்து 348 விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டன. இதுவரை 4,600-க்கும் மேல் செய்துவிட்டார்கள். 20,000 பவுண்டு வகுப்பில் ஆரம்பித்த குடும்பத்தில், பிற்பாடு வந்த எஃப்-16சி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கிளம்பினால் 42,000 பவுண்டைத் தாண்டும். சம்பாதிக்கிற ஆளுக்குச் சுமை வராமலா இருக்கும்?

ஆனால் ரம்பம் பிடிக்கிறவர்கள் கண்டுபிடிக்கிற விஷயம் வேறு. எங்கே வெட்ட வேண்டும் என்று தேடப் போனவர்களுக்கு, எங்கே வெட்ட வேண்டாம் என்பதுதான் பளிச்சென்று தெரிகிறது.

நீர்க்குமிழி மாதிரி, முன்னால் சட்டம் ஏதும் குறுக்கிடாத அந்தக் கண்ணாடிக் கூண்டு. முதல் விமானத்திலும் அதேதான். தொட வேண்டாம். முப்பது டிகிரி பின்னால் சாய்ந்த நாற்காலி. தொட வேண்டாம். வயிற்றுக்கடியில் வாயைத் திறந்துகொண்டிருக்கும் காற்றுத் துவாரம், இறக்கை எங்கே முடிந்து உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாதபடி வழுக்கிக்கொண்டு போகும் தோள்பட்டை... எதற்கும் ரம்பம் தேவையில்லை. ஐம்பது வருஷமாகச் சேர்ந்ததெல்லாம் மேலே மேலே ஒட்டிக்கொண்டவை. முதல் நாள் போட்ட கோடு அடியில் அப்படியே இருக்கிறது.

ஆபீஸில் நாமும் இதைப் பார்க்கிறோம். ஒரு பக்கத்தில் ஒருத்தர் நல்ல யோசனை ஒன்றை எழுதி அனுப்புகிறார். அக்கவுன்ட்ஸில் ஒரு பத்தி சேர்க்கிறார்கள். சட்டப் பிரிவில் மூன்று ஷரத்து. மேலதிகாரி தன் பங்குக்கு மூக்கைப் பெரிதாக்குகிறார். திரும்பி வரும்போது ஃபைல் தலையணை சைஸில் இருக்கிறது. சேர்த்தவர் ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் உண்டு. சரி, வைத்துக்கொள்ளட்டும். கேள்வி ஒன்றுதான். சேர்த்ததையெல்லாம் கழித்துப் பார்த்தால், அடியில் அந்த முதல் பக்கம் உருப்படியாக இருக்கிறதா? இருந்தால் ஃபைல் எத்தனை குண்டானாலும் பறக்கும். இல்லாவிட்டால், ஓடுபாதையில் ஆடிக்கொண்டே கிடக்கும்.

உங்களில் யாருக்காவது கை அரித்தால் ஒரு யோசனை. எடுத்த எடுப்பில் உடம்பை அறுக்காதீர்கள். முதலில் மூக்குச் சக்கரக் கதவு. அடுத்து வாலின் உச்சி. கை பழகியதும் மூக்கு. அந்த 3.7 மில்லிமீட்டரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் புகைப்படங்களை நன்றாகப் பார்த்துவிட்டு. பிளாஸ்டிக்கில் வெட்டியதைப் புட்டி வைத்து அடைக்கலாம். சின்ன வயசுக்கும் கொண்டு போகலாம்.

தொப்பைக்குத்தான் இன்னும் கிட் வரவில்லை!