நிறுத்தவும் சொல்லிக் கொடுப்போம்

ஊரில் ஜாவா படிக்கும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும்.

பழைய மாணவர் ஒருவர் கடைக் கணக்குக்குத் தான் எழுதிய புரோகிராமைக் காட்டினார். விற்பனையைக் கோப்பில் எழுதுவது பின்னணியில் ஓடும் ஒரு திரெட். விண்டோவை மூடினாலும் புரோகிராம் நிற்கவில்லையாம். யாரோ சொன்னதைக் கேட்டு அந்தத் திரெட்டை ‘டீமன்’ ஆக்கிவிட்டார். இப்போது உடனே நிற்கிறது. ஆனால் கடைசியாகப் போட்ட பில்கள் கோப்பில் இல்லை!

சாதாரண திரெட் ஒன்று ஓடும் வரை ஜாவா காத்திருக்கும். டீமனுக்குக் காத்திராது. பாதி வேலையில் விட்டுவிடும். ‘ஃபைனலி’ பகுதிகூட ஓடாது.

ஆகவே டீமன் இதற்கு மருந்தல்ல. எக்சிகியூட்டர் பாவியுங்கள். மூடும்போது முதலில் ‘ஷட்டவுன்’: புதிய வேலை எடுக்காது, கையில் உள்ளதை முடிக்கும். பிறகு ‘அவெய்ட் டெர்மினேஷன்’: சில விநாடிகள் காத்திருக்கும். அதற்கும் முடியாவிட்டால் ‘ஷட்டவுன் நவ்’. அது அனுப்பும் இன்டரப்ட் வெறும் வேண்டுகோள்தான். வெற்று ‘கேட்ச்’ போட்டு அதை விழுங்கினால் திரெட் நிற்காது. பழைய ‘திரெட் ஸ்டொப்’ பக்கம் போகவே வேண்டாம். 2023இல் வந்த ஜாவா 20 முதல் அதை அழைத்தால் பிழைதான் வரும்.

கரண்ட் போனால் இவை எதுவும் உதவாது. அதனால் ஒவ்வொரு பில்லையும் அப்போதைக்கப்போதே எழுதிவிடுங்கள்.

ஆசிரியர்களே, புள்ளி போடும்போது புரோகிராம் எப்படித் தொடங்குகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். மூடியும் பாருங்கள். ஒரு வியாபாரியின் அன்றைய கணக்கு அதற்குள் இருக்கிறது.