பட்டு சட்டெனத் தீப்பிடிக்காது... ஆனால் புகை? தறி வீடுகளுக்கு ஓர் அலாரம்!

பட்டு அசலா, கலப்படமா என்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களிடம் கேட்டால், அவர்கள் லேப் ரிப்போர்ட் தேட மாட்டார்கள். முந்தானை ஓரத்தில் தொங்கும் இழையில் ஒன்றை உருவி, தீக்குச்சியைக் காட்டிவிடுவார்கள். அசல் பட்டு என்றால் தலைமுடி கருகிய வாடை வரும். நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகி, கெட்டியான மணி போலத் திரண்டு நிற்கும். பருத்தியோ காகிதம் போல நிற்காமல் எரியும்.

தீ விஞ்ஞானத்தின் முதல் பாடம் இந்தத் தீக்குச்சியிலேயே இருக்கிறது. எரிவதற்கு ஒரு பொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். மூன்றும் சேர்ந்து உண்டாகும் வினை அறுந்துபோகாமல் தொடரவும் வேண்டும். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சுமார் 21 சதவிகிதம். பருத்திக்கு 18 சதவிகிதம் இருந்தாலே போதும், எரியும். பட்டுக்கோ காற்றில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தேவை. அதனால்தான் அது திணறி அணைகிறது.

அப்படியென்றால், பட்டு நெய்யும் வீட்டில் நெருப்பு பயமே வேண்டாமா?

2017 மே 31-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் இருந்த ஏழு மாடி 'தி சென்னை சில்க்ஸ்' கட்டடத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்திலிருந்து கிளம்பிய அடர்ந்த புகையால் தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழையவே திணறினார்கள். ஒரு நாளைத் தாண்டியும் தீ அடங்கவில்லை. மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. கடைசியில் முழுவதையும் இடிக்க வேண்டியதாகிவிட்டது. சுற்றியிருக்கும் அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக், மரம், ஒயர் எல்லாம் எரிந்து சூடு ஏறிவிட்டால், பட்டின் பிடிவாதம் எல்லாம் செல்லாது.

தறி வீட்டுக்குள்ளும் அதே சாமான்கள்தான். மரத்தில் தறி, அதன் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, தொங்கும் அட்டைகள், மூலையில் நூல் கண்டுகள். மின்மோட்டார் வைத்த தறி என்றால் ஒயர்களும் கூடும். இணைப்பு லூசாக இருந்தால் அந்த இடம் சூடாகி, தீப்பிழம்பே இல்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தறி கூடத்தை அடைத்துக்கொள்வதால், பல வீடுகளில் அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறார்கள். வாசலுக்குப் போகும் வழி ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். இருட்டில் தறிக்குழி வேறு!

இங்கே பட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. அது புரதம், அதில் நைட்ரஜன் இருக்கிறது. சரியான காற்றில்லாமல் கனன்று எரியும்போது, கம்பளி, சோபா ஃபோம் போலவே பட்டும் ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷவாயுவை வெளியிடும். கூடவே கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு பிடித்துக்கொள்ளும் வாயு இது. தீ விபத்துகளில் இறப்பவர்களில் பலரைக் கொல்வது தீக்காயம் அல்ல, புகை.

'புகை வாடை வந்தால் முழிப்பு வராதா?' என்பீர்கள். வராது என்பதுதான் சிக்கல். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் தூங்குகிறவர்களிடம் வாசனைகளைக் காட்டிச் சோதித்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் கடுமையான நாற்றமும் நம்பும்படி எழுப்பவில்லை. சத்தம் எழுப்பியது.

அந்தச் சத்தத்தைத்தான் புகை அலாரம் தருகிறது. உள்ளே இருட்டான ஒரு சின்ன அறை. அதில் ஒரு எல்.இ.டி. விளக்கும் ஒரு சென்சாரும், ஒளி நேராக சென்சாரில் படாதபடி கோணத்தில் வைக்கப்பட்டிருக்கும். புகைத் துகள் நுழைந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறி சென்சாரைத் தொடும், அலறல் ஆரம்பித்துவிடும். ஜன்னல் வழியே வரும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். மெதுவாகக் கனலும் தீயைக் கண்டுபிடிப்பதில் இந்த வகை கெட்டி.

சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு இது கட்டாயம். நம் ஊரில் உயரமான கட்டடங்களுக்கும் பெரிய கடைகளுக்கும் விதிகள் பேசுகின்றன. தெருவோரத் தனி வீட்டை யாரும் கேட்பதில்லை. ஆனால் தூங்குகிறவர்கள் இருப்பது அங்கேதான். பேட்டரியில் ஓடும் தனி அலாரத்தின் விலை, ஒரு பட்டுச்சேலையின் விலையில் சின்னத் துண்டு. கரன்ட் போனாலும் வேலை செய்யும்.

மாட்டும் இடம்தான் முக்கியம். சூடான புகை மேலே போகும் என்பதால் கூரையின் நடுப்பக்கம் நல்லது. சுவரும் கூரையும் சேரும் மூலையில் புகை சீக்கிரம் எட்டாது. பூஜை அறைக்குப் பக்கத்தில் மாட்டினால், வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அது போடும் கூச்சலில் வீட்டார் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அதோடு கதை முடிந்தது! அடுப்படியில் தாளிக்கும் புகைக்கும் இதே கதி. அங்கே வெப்பத்தை உணரும் வகை சரி. ஏறக்குறைய 57 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அது கத்தும். கேஸ் கசிவை இவை இரண்டுமே உணராது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். அதற்கான அலாரத்தைத் தரையை ஒட்டித்தான் மாட்ட வேண்டும்.

ஓலைக் கூரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். அவ்வளவு வேகமாகப் பரவும் தீயில் அலாரம் தரும் அவகாசம் மிகக் குறைவு. கூரையை மாற்றுவதுதான் வழி.

தறி வீட்டுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. நூல் தூசி அலாரத்துக்குள் போய் அடைத்துக்கொண்டால் காரணமில்லாமல் அலறும், அல்லது அலற வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கும். தறியைத் துடைக்கிற நாளில் மென்மையான பிரஷ்ஷால் அதையும் ஒரு தட்டு தட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். பத்து வருடமானால் ஆளையே மாற்றிவிட வேண்டும். அலாரம் அடித்தால் சேலையையோ பாவையோ எடுக்க நிற்காமல், குனிந்தபடியே வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.