குடியை விடுவோர்க்கும் பிணை வேண்டும்

கூட்டுறவுத் தத்துவம் நமது மாவட்டத்துக்குப் புதியதன்று. நாட்டின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில் தோன்றியது நம் திரூரிலேதான். தனியொருவனை நம்பிக் கடன் கொடுக்க எவரும் துணியாத இடத்தில், பலர் கூடி ஒருவருக்கொருவர் பிணை நின்றால் அந்தப் பிணையே மூலதனமாகும் என்பதை அன்றைய உழவர்கள் மெய்ப்பித்தனர். கடனினும் கொடிய ஒரு துன்பத்திற்கும் இத்தத்துவம் மருந்தாவதை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சங்கங்களை ஆய்வு செய்வோருக்குக் குடியின் தடம் பேரேட்டிலேயே தென்படும். ஒரே நகை மீண்டும் மீண்டும் அடகுக்கு வரும். பாவும் ஊடையும் பெற்றுச் சென்றவரின் சேலை குறித்த நாளில் வந்து சேராது. பயிர்க்கடன் தவணை தவறி, பிணை கையெழுத்திட்டவர் வீட்டுக்கு அறிவிப்புப் போகும். “இத்தகையவரை நீக்கிவிட்டால் என்ன?” என்று கேட்கும் நிர்வாகக் குழுவினரும் உண்டு. நீக்கினால் பெயர் போகுமேயன்றிக் கடன் போகாது. அது மனைவியின் தலையிலும் பிணைதாரர் தலையிலுமே விழும்.

மதுக்கடைகளை மூடுவதே வழி என்பார் சிலர். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணமெங்கும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது. இவ்வாதம் நடக்கட்டும். ஆனால் இன்று நோயில் கிடப்பவர் அதன் முடிவுக்காகக் காத்திருக்க இயலாது.

ஆம், அது நோயே. விட வேண்டுமென்று மனமார நினைத்தும் விட முடியாமையே அதன் இலக்கணம். பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாள்களில் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதற்படி டாக்டரே. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்னும் தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைத்தும் வழி கேட்கலாம்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குப் பழைய தெருவும் பழைய கடையும் பழைய நண்பர்களும் காத்திருக்கின்றனர். அங்கேதான் பிணை வேண்டும். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பவரும் டாக்டர் பாப் ஸ்மித் என்பவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் நலிந்தவர்கள். ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசுவதே குடியைத் தள்ளிவைக்கத் துணையாவதை உணர்ந்தனர். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் இவ்வாறே பிறந்தது. சென்னை உட்பட நம் நாட்டின் பல நகரங்களில் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

அதன் நடைமுறை எளிது. குடியை விட விரும்புவது ஒன்றே தகுதி. சந்தா இல்லை, பதிவேடு இல்லை. ஒருவர் தம் அனுபவத்தைக் கூறுவார். மற்றவர் இடைமறியாமல் கேட்பர். அங்கே கேட்டது வெளியே போகாது. முன்பே விட்டவர் ஒருவர் புதியவருக்குத் துணை நிற்பார். மனம் தடுமாறும் நள்ளிரவிலும் அவரை அழைக்கலாம். குடும்பத்தாருக்கென ‘அல்-அனான்’ என்ற தனிக் கூட்டமும் உண்டு. இது வெறும் நம்பிக்கையன்று. 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 10,565 பேர் அடங்கிய 27 ஆய்வுகளைச் சீர்தூக்கியது. இவ்வழியில் முறையாகச் சேர்க்கப்பட்டோர், தொடர்ந்து குடியாமலிருப்பதில் ஏனைய சிகிச்சை பெற்றோரைவிட மேம்பட்டு நின்றதாகக் கூறிற்று.

இது நகரத்தாருக்கு மட்டுமே உரியதோ என ஐயுறவேண்டா. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், ஊராரின் ஒத்துழைப்புடன் கிராமத்திலேயே சிகிச்சை முகாம்களை நடத்திக் காட்டியிருக்கிறது.

சோழவரத்து அங்கத்தினர் ஒருவர் வயலிலிருந்தோ தறியிலிருந்தோ எழுந்து, செங்குன்றமும் மாதவரமும் கடந்து நகருக்குப் போய்க் கூட்டம் கேட்டுத் திரும்புவதென்றால் பாதி இரவு கழிந்துவிடும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் முறைவேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கோ இன்னும் கடினம். ஆனால் இவ்வியக்கத்தில் ஒரு குழு தொடங்க இருவர் போதும். இடந்தான் வேண்டும்.

அந்த இடத்தை நம் சங்கங்கள் அளிக்கலாம் என்பதே என் கருத்து. அலுவல் முடிந்தபின் வாரம் ஒருமுறை ஓர் அறை போதும். அதற்குச் சிறு வாடகை வாங்குவதே முறை. ஏனெனில் இவ்வியக்கம் வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை, தன் செலவைத் தானே தாங்கும். கூட்டம் சங்கத்தின் பெயரில் நடக்கலாகாது. வந்தவர் யார் என்று தலைவரும் கேட்கலாகாது. என் போன்ற ஆய்வாளரும் கேட்கலாகாது. கூட்டத்திற்கு வருவதைக் கடனுக்கு நிபந்தனையாக்கவும் கூடாது. அச்சத்தால் வருபவர் உண்மை பேசமாட்டார். உண்மை பேசாத இடத்தில் பிணை நிற்காது.

எல்லாவற்றிற்கும் பதிவேடு கேட்பது எம் தொழில். இந்த ஓர் அறைக்குப் பதிவேடு வேண்டா என்று நானே வேண்டுகிறேன். அடுத்த மகாசபையில் அங்கத்தினர்கள் இதனை ஒரு பொருளாக எடுத்து விவாதிப்பார்களாக. அதுவரை உதவி எண்ணையேனும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். அதற்குத் தீர்மானம் தேவையில்லை.