பழைய பிழை, இன்றைய கடன்

பிரிட்டனில் 1990 மே 17 முதல் 1997 ஏப்ரல் 5 வரையிலான பணிக்காலத்துக்குச் சேர்ந்த உத்தரவாதக் குறைந்தபட்ச ஓய்வூதியத்தில், பெண்ணுக்கு 60 வயதில், ஆணுக்கு 65 வயதில் கிடைக்கும் என்ற பாகுபாடு ஒளிந்திருந்தது. ஒரே மேசையில் ஒரே வேலை பார்த்த இருவருக்கு வெவ்வேறு தொகை. லாயிட்ஸ் வங்கி வழக்கில் 2018 அக்டோபர் 26 அன்று உயர் நீதிமன்றம் இதைச் சரிசெய்யச் சொன்னது. சேமிப்பை வேறு திட்டத்துக்கு மாற்றிக்கொண்டவர்களுக்கும் குறைந்ததைத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது.

பழைய சம்பளப் பதிவேடு கிடைக்கவில்லை, கணக்கு சிக்கலானது என்பதெல்லாம் நிர்வாகத்தின் பாடு. எண்பதை நெருங்கும் முதியவர் அதற்காகக் காத்திருக்க முடியுமா? அவர் கண்மூடிவிட்டால் மனைவி எந்தக் கதவைத் தட்டுவார்? விண்ணப்பம் வரட்டும் என்றிராமல், ஓய்வூதியத் திட்டத்தின் அறங்காவலர்களே தேடிச்சென்று நிலுவையை வட்டியுடன் தர வேண்டும்.