வியூகத்தைத் தேர்ந்தெடுக்கும் விவேகம்

கணினியில் ஒரு கூடைப்பந்து அணியை நிர்வகித்து ஆடும் விளையாட்டுகளில், பந்தைத் தட்டிக்கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்டுகள் எதிரணியில் வல்லவர்கள் என்று தெரிந்த மாத்திரத்தில், வேறு யோசனை எதுவுமின்றி 3-2 ஜோன் தற்காப்பை நாடிவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அது விவேகமான வழக்கமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஜோன் முறையில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஓர் ஆளைத் தொடராமல் ஓர் இடத்தைக் காக்கிறார். 3-2 என்றால் மூவர் வெளிப்புறத்திலும் இருவர் வளையத்தின் அருகிலும் நிற்பார்கள், 2-3 என்றால் அதற்கு நேர்மாறு. ஆனால் கார்டுகளின் சாமர்த்தியம் ஒரே தன்மையதா என்ன? மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று குறி தவறாமல் எறிபவர் ஒரு வகை. பந்தோடு உள்ளே பாய்ந்து வளையத்தடியில் முடிப்பவர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினருக்கு எதிராக மூவரை வெளியே நிறுத்திவைப்பது, அவர்கள் நாடி வரும் இடத்தை நாமே காலிசெய்து கொடுப்பதாகும். குறி தவறிய பந்தை மீட்பதற்கும் அங்கே இருவரே மிஞ்சுவர்.

அதற்காக 2-3 எல்லா அணிக்கும் பொருந்திவிடும் என்றும் கொள்ளலாகாது; நிஜ ஆட்டங்களே இதற்குச் சான்று. 2003-ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரி அணிகளின் இறுதியாட்டத்தில், ஜிம் பேஹைம் பயிற்றுவித்த சிரக்யூஸ் அணி, கான்சஸ் அணிக்கு எதிராகத் தன் வழக்கமான 2-3 ஜோனையே பிரயோகித்தது. ஆடுகளத்தின் மூலைகள் அந்த வியூகத்தின் பலவீனமான இடங்கள். கடைசி விநாடிகளில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்த கான்சஸ், சரியாக ஒரு மூலையிலிருந்தே எறிய முற்பட்டபோது, சிரக்யூஸின் ஹக்கீம் வாரிக் பாய்ந்து வந்து தம் நீண்ட கரத்தால் பந்தைத் தட்டிவிட, சிரக்யூஸ் 81-78 என்று வென்றது. வியூகம் விட்ட குறையை அந்தக் கரம் தீர்த்தது. அத்தகைய கரங்கள் இல்லாத அணி 2-3-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன பிரயோஜனம்?

எதிரணியில் யார் களத்தில் இருக்கிறார் என்பதும் முக்கியம். தொழில்முறை அணிகள் மோதும் என்பிஏ போட்டியின் 2019 இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், டொரான்டோவின் பயிற்சியாளர் நிக் நர்ஸ், நால்வரைச் சதுரமாக நிறுத்தி, ஐந்தாமவரான ஃபிரெட் வான்வ்லீட், எதிரணியான கோல்டன் ஸ்டேட்டின் கார்டு ஸ்டீபன் கரியை விடாது தொடரும்படி செய்தார். கோல்டன் ஸ்டேட் ஐந்து நிமிஷங்களுக்கு மேல் ஒரு புள்ளியும் எடுக்க இயலாமல் திணறிற்று, ஆயினும் முடிவில் 109-104 என்று ஆட்டத்தை வென்றது. இந்த யுக்தி அவ்வளவு தூரம் பலித்ததற்கு முக்கியக் காரணம், குறிபார்த்து எறிவதில் கரிக்கு இணையான கிளே தாம்சன் காயத்தால் வெளியேறியிருந்ததே. அவர் களத்தில் இருந்திருந்தால் இதே ஏற்பாடு விபரீதமாய் முடிந்திருக்கும்.

ஆகவே, கணினி விளையாட்டு காட்டும் கார்டின் மொத்த மதிப்பெண்ணைக் கண்டு மிரளாமல், எறிதல், உட்பாய்தல், பந்தைக் கைமாற்றுதல் ஆகியவற்றைத் தனித்தனியே பரிசீலிப்பது அவசியம். இவற்றுள் கடைசியானதை அநேகர் அலட்சியம் செய்கிறார்கள். ஓடும் கால்களைவிடப் பறக்கும் பந்து வேகமானது, ஆதலால் கைமாற்றுவதில் தேர்ந்த இரு கார்டுகள் எந்த ஜோனையும் பிளந்துவிடுவார்கள். எதிரணிக் கார்டுகள் எறிவதில் மட்டுமே வல்லவர்களாயிருந்து, அவ்வணியின் உயரமான ஆட்டக்காரர்களை நம்மவர் இருவரே சமாளிக்கக்கூடும் என்ற நிச்சயமும் இருந்தாலொழிய, 3-2-ஐ நான் சிபாரிசு செய்யேன். அந்த நிச்சயம் இல்லாதபோது ஆளுக்கு ஆள் காக்கும் பழைய முறையே உத்தமம்.